பியானோ: முதல் சில மாதங்களில் கைக்கு எதைப் பழக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: இசைப் பின்னணி பெரிதாக இல்லாத ஒருவர் பியானோ கற்க விரும்பினால் எங்கிருந்து தொடங்குவது? 61 கட்டை கீபோர்டு போதுமா? நோட்டேஷன் (இசையை எழுதிக்காட்டும் குறிமுறை) படிக்கத் தெரிந்தே ஆகவேண்டுமா? ஆசிரியர் இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்?

சுருக்கமாகச் சொன்னால், முதல் சில மாதங்களுக்கு 61 கட்டை போதும். நோட்டேஷன் வேண்டும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. ஆசிரியர் இல்லாமல் தொடங்கலாம், ஆனால் உங்கள் கையை ஒருமுறையாவது தெரிந்தவர் ஒருவர் பார்ப்பது நல்லது. இவை எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று உண்டு. எதை அடிக்கடி செய்கிறதோ அதைத்தான் கை கற்றுக்கொள்ளும். அதற்குச் சரி, தவறு தெரியாது. ஓர் இடத்தைப் பத்து முறை தடுமாறி வாசித்து, பதினோராவது முறை சரியாக வந்ததும் "வந்துவிட்டது" என்று எழுந்து போனால், கை பழகியது அந்தப் பத்து தடுமாற்றங்களைத்தான். மறுநாள் அதே இடத்தில் அதே தடுமாற்றம் வரும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

கட்டைக்குப் பின்னால் நடப்பது

முதல் நாளே பியானோவின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கெட்ட பழக்கங்கள் வராது. கட்டையின் முன்பக்கத்தை அழுத்தும்போது உள்ளே ஃபெல்ட் (தடித்த கம்பளித் துணி) சுற்றிய சுத்தியல் ஒன்று எழும்பித் தந்தியை அடிக்கிறது. தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். கடைசிச் சிறு தூரத்தை அது தானாகவே பறந்து கடக்கிறது. 1700-ஐ ஒட்டி இத்தாலியின் ஃபிளாரன்ஸில் பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி உருவாக்கிய ஏற்பாடு இது. அதற்கு முந்தைய ஹார்ப்சிகார்டில் தந்தி சுண்டப்படும்; விரலை மெதுவாக வைத்தாலும் ஓங்கி வைத்தாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். புதிய கருவியில் மென்மையும் உரப்பும் விரலின் கையில் வந்தன. "பியானோ ஃபோர்ட்டே" என்ற பெயரே இத்தாலிய மொழியில் மென்மை, உரப்பு என்ற இரண்டு சொற்கள்தான்.

இதிலிருந்து விரலுக்கு மூன்று பாடங்கள். முதலாவது, ஒலியின் அளவைத் தீர்மானிப்பது கட்டை இறங்கும் வேகம். இரண்டாவது, ஒலி எழுந்தபின் எவ்வளவு அமுக்கினாலும் எதுவும் மாறாது. சுத்தியல் ஏற்கெனவே போய்த் திரும்பிவிட்டது. தொடங்குபவர்களில் பலர் ஒலி வந்தபின்னும் கட்டையைத் தரையோடு சேர்த்து அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். மணிக்கட்டு வலி பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கட்டையைக் கீழேயே வைத்திருக்க வேண்டிய விசை மிகக் குறைவு, கையின் சொந்த எடையே மிகை. மூன்றாவது பலருக்கும் தோன்றாதது: விரலை எடுத்ததும் டேம்பர் என்ற ஃபெல்ட் துண்டு தந்தியின் மேல் விழுந்து ஒலியை நிறுத்துகிறது. ஆகவே எப்போது அழுத்துகிறோம் என்பது எவ்வளவு முக்கியமோ, எப்போது எடுக்கிறோம் என்பதும் அவ்வளவு முக்கியம். இரண்டு ஸ்வரங்கள் இழையாமல் வெட்டு வெட்டாகக் கேட்டால், முதல் விரலைச் சீக்கிரம் எடுத்துவிடுகிறீர்கள். குழம்பிக் கேட்டால் தாமதமாக எடுக்கிறீர்கள்.

என்ன கருவி

முழு பியானோவில் 88 கட்டைகள்: 52 வெள்ளை, 36 கறுப்பு. தொடங்குபவரின் பாடங்கள் நடுவிலுள்ள மூன்று நான்கு ஸ்தாயிகளை (12 கட்டைக்கு ஒரு ஸ்தாயி) தாண்டாது என்பதால் எண்ணிக்கை இப்போதைக்குப் பிரச்சினை இல்லை. பார்க்க வேண்டியது வேறு. விரலின் வேகத்துக்கு ஏற்ப ஒலி ஏறி இறங்குகிறதா? இது இல்லாத கீபோர்டை வாங்கவே வேண்டாம்; அதில் ஒரு வருடம் வாசித்தாலும் பியானோவின் அடிப்படையைத் தொட்டிருக்க மாட்டீர்கள். அடுத்தது கட்டையின் கனம். உண்மையான பியானோ கட்டை இறங்க ஏறக்குறைய 50 கிராம் எடை வேண்டும். இறங்கும் ஆழம் சுமார் 10 மில்லிமீட்டர். சாதாரணக் கீபோர்டின் ஸ்பிரிங் கட்டை இதைவிட லேசு. அதிலேயே பழகியவர்கள் நிஜப் பியானோவில் உட்கார்ந்தால் நான்காம், ஐந்தாம் விரல்களின் (மோதிர விரல், சுண்டுவிரல்) ஸ்வரங்கள் பாதி காணாமல் போகும். எனவே தொடர்ந்து கற்பது என்று முடிவெடுத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் 88 கனமான கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோவுக்கு மாறுவது நல்லது. நூற்றுக்கணக்கான வாத்திய ஒலிகள், தானாக ஓடும் தாளங்கள் இவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

டிஜிட்டல் கருவியில் இரண்டு சின்னத் தொல்லைகள். சுருதியை மேலும் கீழும் நகர்த்தும் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் தெரியாமல் அழுந்தியிருந்தால் நீங்கள் அழுத்தும் கட்டை ஒன்று, கேட்கும் சுருதி ஒன்றாக இருக்கும். பாடத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். பெடல் தலைகீழாக வேலை செய்தால், அதாவது அழுத்தும்போது ஒலி நின்று, விடும்போது நீண்டால், கருவியை அணைத்துவிட்டுப் பெடலைச் செருகி, அதன்மேல் கால் படாமல் மீண்டும் போடுங்கள். பல கருவிகள் போடும் கணத்தில் பெடல் இருக்கும் நிலையையே "அழுத்தாத நிலை" என்று எடுத்துக்கொள்ளும்.

தந்திப் பியானோ இருந்தால் வருடத்துக்கு இரண்டு முறை சுருதி சேர்க்க வேண்டும், வெயிலும் குளிர்காற்றும் நேராகப் படக்கூடாது. இப்போதைக்கு அது போதும்.

உட்காருவதும் கை வைப்பதும்

இருக்கையின் முன்பாதியில் உட்காருங்கள், சாயாதீர்கள். பாதங்கள் இரண்டும் தரையில் முழுதாகப் படவேண்டும். எட்டாத குழந்தைகளுக்குக் காலுக்குக் கீழே பலகை வையுங்கள். தோளைத் தளரவிட்டு விரலைக் கட்டையில் வைத்தால் முன்கை தரைக்கு இணையாக இருக்க வேண்டும்; முழங்கை கட்டையின் மட்டத்திலோ ஒரு விரற்கடை மேலேயோ இருக்கலாம். பெரும்பாலானோர் சாப்பாட்டு மேசை நாற்காலியைப் போட்டுத் தாழ்வாக உட்காருகிறார்கள். அப்போது மணிக்கட்டு கட்டைக்குக் கீழே தொங்கும், தோள் தானாக ஏறும். மெத்தை போட்டால் அமுங்கிவிடும். மடித்த கெட்டியான போர்வை மேல். தூரத்துக்கு ஒரு சோதனை: கைகளை முஷ்டியாக மடக்கி நேராக நீட்டினால் முஷ்டிகள் கட்டைக்குப் பின்னால் நிற்கும் பலகையைத் தொடும் அளவு.

கையின் வடிவத்துக்கு "பந்தைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது வழக்கம். அதைக் கேட்டவுடன் எல்லோரும் பந்தை இறுக்கிப் பிடிக்கிறார்கள், கை விறைத்துப்போகிறது. அதைவிட எளிது இது: எழுந்து நின்று கையைப் பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். விரல்கள் தானாகக் கொஞ்சம் வளைந்திருக்கும். அந்த வளைவைக் கலைக்காமல் தூக்கிக் கட்டையின் மேல் வையுங்கள். உங்கள் கையின் இயல்பான வடிவம் அதுதான்.

விரல் நுனியின் சதைப்பகுதி கட்டையில் படட்டும். கட்டைவிரல் மட்டும் நகத்தின் ஓரத்துப் பக்கவாட்டில் படும். நகம் தட்டும் சத்தம் கேட்டால் வெட்டுங்கள். கவனிக்க வேண்டிய இடம் விரலின் கடைசிக் கணு. அழுத்தும்போது அது உள்பக்கமாக மடிந்து குழிந்தால் விரலின் எடை கட்டைக்குப் போகாமல் கணுவிலேயே தங்கிவிடும். பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் விரலில் நடக்கும். மேசைமேல் விரலை ஊன்றி, கணு மடியாமல் கையின் எடையைச் சற்றே சாய்த்து எடுங்கள். ஒவ்வொரு விரலுக்கும் ஐந்து முறை, நாளைக்கு ஒருதரம் போதும். இன்னொன்று: கட்டைவிரலைக் கட்டைக்கு வெளியே தொங்கவிடாதீர்கள். அது தொங்கினால் கை முழுவதும் பின்னால் இழுபடும்; தேவைப்படும்போதெல்லாம் முழுக் கையும் முன்னால் பாய வேண்டியிருக்கும்.

விரல்களுக்கு எண் உண்டு. இரண்டு கையிலும் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5.

கட்டைகளின் வரைபடம்

கறுப்புக் கட்டைகள் இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் கூட்டம் போட்டிருக்கும். இரண்டின் கூட்டத்துக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டை சி. அங்கிருந்து வலப்பக்கமாக சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி. பிறகு மீண்டும் சி. மூன்றின் கூட்டத்துக்கு இடப்பக்கம் இருப்பது எஃப். இந்த இரண்டு அடையாளம் போதும். மற்றவை ஒரு வாரத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும். கட்டைமேல் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஸ்டிக்கர் இருக்கும்வரை கண் எழுத்தைத்தான் படிக்கும், கறுப்புக் கூட்டத்தைப் பார்க்காது. உரித்த அன்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நடுவிலுள்ள சி-க்கு மிடில் சி என்று பெயர்: 88 கட்டையில் இடமிருந்து நான்காவது சி, வழக்கமான 61 கட்டையில் மூன்றாவது.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதியும் உண்டு, ஒரு பொறியும் உண்டு. வசதி: ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரை உள்ள 12 கட்டைகள்தான் 12 ஸ்வரஸ்தானங்கள். சி-யை ஷட்ஜமாக (ச) வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். மேற்கத்திய இசையில் அதுவே சி மேஜர். "ஒரு கட்டை சுருதி", "ஒன்றரைக் கட்டை" என்று நாம் சொல்வதும் இந்தக் கணக்கே: ஒன்று என்றால் சி, ஒன்றரை என்றால் அதை அடுத்த கறுப்பு, ஐந்து என்றால் ஜி. பொறி: ஷட்ஜம் எங்கே வேண்டுமானாலும் உட்காரும், சி உட்காராது. சி என்பது ஒரே இடத்தில் நிற்கும் ஒரு சுருதியின் பெயர். ஜி மேஜரில் ஒரு பாடம் வந்தால் ஜி-தான் ஷட்ஜம், அப்போது சி மத்தியமம். "ச என்றால் சி" என்று மனப்பாடம் செய்தவர்கள் இரண்டாவது ஸ்கேலிலேயே (ஒரு மூல ஸ்வரத்திலிருந்து ஏறும் ஸ்வர வரிசை) திண்டாடுவார்கள். கட்டைகளை எழுத்துப் பெயரால் பழகுங்கள். ஸ்வரப் பெயரை, இது மூலத்திலிருந்து எத்தனையாவது என்று உணரப் பயன்படுத்துங்கள். கமகம் பியானோவில் கிடையாது. தந்தியை இழுக்க வழியில்லை.

முதல் நாளே ஏதாவது இசையாக வாசித்துப் பார்க்க ஆசை இருக்கும். கறுப்புக் கட்டைகளில் மூன்றின் கூட்டத்தில் முதலாவதை ஷட்ஜமாக வைத்துக் கறுப்பை மட்டும் வாசியுங்கள். கிடைப்பது மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்கள். எந்த வரிசையில் தொட்டாலும் காதை உறுத்தாது. மூன்றுக்கு 2, 3, 4 விரல்கள், அடுத்த இரண்டுக்கு 2, 3. கை உயர்ந்து, விரல் நீண்டு, இயல்பான நிலைக்கு வருவதையும் கவனிப்பீர்கள்.

நான்கு கட்டங்கள், இரண்டு கைகள்

ஒரு சிறு பாடத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். வலது கை: கட்டைவிரல் மிடில் சி-யில், மற்ற விரல்கள் டி, ஈ, எஃப், ஜி-யில். இடது கை: அதற்கு ஒரு ஸ்தாயி கீழே சி-யில் சுண்டுவிரல், ஜி-யில் கட்டைவிரல். கட்டம் ஒன்றுக்கு நான்கு எண்ணிக்கை. நிமிர்ந்த கோடு (|) கட்டங்களைப் பிரிக்கும்; படுத்த கோடு (–) ஒரு எண்ணிக்கை நீட்டு.

வலது: சி ஈ ஜி ஈ | எஃப் ஈ டி – | டி எஃப் ஈ டி | சி – – –
விரல்: 1 3 5 3 | 4 3 2 – | 2 4 3 2 | 1 – – –
இடது: சி – – – | ஜி – – – | ஜி – – – | சி – – –
விரல்: 5 | 1 | 1 | 5

வலது கையை மட்டும், வாய்விட்டு "ஒண்ணு ரெண்டு மூணு நாலு" எண்ணிக்கொண்டு வாசியுங்கள். மெட்ரோனோம் (சீராகத் தட்டும் தாளக் கருவி) 60, நிமிடத்துக்கு 60 தட்டு. அது வேகமாகப்பட்டால் 50. பிறகு இடது கை மட்டும். அப்புறம் இரண்டும் சேர்த்து, முழுதாக அல்ல, முதல் கட்டம் மட்டும்.

இங்கேதான் எல்லோரும் மாட்டுவார்கள். முதல் எண்ணிக்கையில் இரண்டு கையும் சேர்ந்து இறங்கும். இரண்டாவதில் வலது கட்டைவிரல் எழும், நடுவிரல் இறங்கும். அதே நேரம் இடது சுண்டுவிரலும் கேட்காமலே எழுந்துவிடும். இரண்டு கையும் ஒன்றையே செய்ய விரும்புவதுதான் காரணம். விரல் பலவீனம் இல்லை. மருந்து: இடது சி-யை அழுத்தி, மறுபடி வாசிக்காமல் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது கை மட்டும் மெதுவாகச் செல்லட்டும். கவனம் முழுவதும் இடது சுண்டுவிரலில் இருக்கட்டும். வலது கை எந்த ஸ்வரம் வாசிக்கிறது என்பதைக் கவனிக்கவே வேண்டாம். நாலைந்து முறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும்.

அடுத்த இக்கட்டு முதல் கட்டத்திலிருந்து இரண்டாவதற்குத் தாண்டும் இடம். வலது நான்காம் விரல் எஃப்-இல் இறங்கும் அதே கணத்தில் இடது கை சுண்டுவிரலை விட்டுக் கட்டைவிரலுக்கு மாறவேண்டும். இடது ஒரு மயிரிழை தாமதமாக வரும். முழுக் கட்டத்தையும் திரும்ப வாசித்து இதைச் சரிசெய்ய முடியாது. முதல் கட்டத்தின் கடைசி ஈ, இரண்டாம் கட்டத்தின் முதல் எஃப், இந்த இரண்டை மட்டும் இடது கையோடு சேர்த்து வாசியுங்கள்: ஈ, தாண்டு, எஃப், நிறுத்து. தொடர்ந்து மூன்று முறை ஒன்றாக இறங்கினால் முன்னால் இரண்டு ஸ்வரம் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படித்தான் எந்தப் பாடத்தையும் கற்க வேண்டும், வெறும் நான்கு கட்டங்களானாலும் நாற்பது பக்கமானாலும். கட்டங்களுக்குள் அல்ல, கட்டங்களுக்கு இடையில்தான் ஓட்டை விழும்.

இரண்டாம் கட்டம் டி-யில் முடிந்து மூன்றாவது டி-யில் தொடங்குகிறது. இடது ஜி-யும் அப்படியே. ஒரே ஸ்வரம் மறுபடி வரும்போது விரலைக் கொஞ்சம் முன்னதாகவே எடுத்தால்தான் மீண்டும் அடிக்க முடியும். கட்டையை முழுதாக மேலே வரவிடுங்கள், ஆனால் விரல் கட்டையை விட்டுப் பறக்க வேண்டாம்.

எண்ணிக்கையும் நோட்டேஷனும்

தாளத்துக்கு நமக்குத் தெரிந்த சொற்கட்டே உதவும். ஒரு எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம் என்றால் "தா". இரண்டு என்றால் "தக". மூன்று என்றால் "தகிட". நான்கு என்றால் "தகதிமி". தாளத்தைத் தட்டிக்கொண்டு சொல்லிப் பார்த்துவிட்டுக் கட்டைக்குப் போங்கள். வாயில் வராத தாளம் விரலில் வராது. எழுத்தில், வெள்ளையாகக் காம்பில்லாமல் இருக்கும் நோட் நான்கு எண்ணிக்கை. வெள்ளை, காம்போடு இருந்தால் இரண்டு. கறுப்பு, காம்போடு ஒன்று. காம்பில் ஒரு வால் இருந்தால் அரை.

நோட்டேஷனைப் பொறுத்தவரை, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு எழுத்து என்று வாய்ப்பாடு ஒப்பிப்பது மெதுவான வழி. மூன்று மைல்கல் வைத்துக்கொள்ளுங்கள். மேல் ஐந்து கோடுகளின் தொடக்கத்திலுள்ள ட்ரெபிள் கிளெஃப் என்ற குறியின் சுருள் சுற்றும் கோடு, கீழிருந்து இரண்டாவது, ஜி. கீழ் ஐந்து கோடுகளிலுள்ள பேஸ் கிளெஃப் என்ற குறியின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஓடும் கோடு, மேலிருந்து இரண்டாவது, எஃப். இரண்டுக்கும் சரிநடுவில், தனிச் சிறு கோட்டில் தொங்குவது மிடில் சி. சி-யிலிருந்து மேலே ஐந்தாவது அந்த ஜி, கீழே ஐந்தாவது அந்த எஃப். மற்றவற்றைத் தூரத்தால் படியுங்கள்: கோட்டிலிருந்து பக்கத்து இடைவெளிக்குப் போனால் பக்கத்து வெள்ளைக் கட்டை, கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் நடுவில் ஒன்றைத் தாண்டு. நோட்டுகளின் மேல் எழுத்து எழுதிவைக்காதீர்கள், அதுவும் ஸ்டிக்கர் கதைதான். விரல் எண்ணை எழுதலாம், எழுதவும் வேண்டும். ஒரே இடத்தை ஒவ்வொரு முறையும் வேறு விரலால் வாசித்தால் கை ஒன்றையும் பழகாது.

திரையில் கட்டைகள் மேலிருந்து விழும் வீடியோக்களைப் பற்றி: பிடித்த பாட்டு ஒன்றைச் சீக்கிரம் வாசித்துக் காட்ட அவை உதவும். ஆனால் அதில் நீங்கள் படிப்பது அந்தப் பாட்டின் விரல் அசைவை மட்டுமே. அடுத்த பாட்டுக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்கேல், கார்ட், பெடல்

இரண்டாம் மாதம் ஸ்கேலுக்கு வாருங்கள். மேஜர் ஸ்கேலின் சூத்திரம், கறுப்பையும் சேர்த்துக் கட்டைக்குக் கட்டை எண்ணினால், 2-2-1-2-2-2-1. இதை ஜி-யிலிருந்து எண்ணிப் பாருங்கள், எஃப் ஷார்ப் (எஃப்-ஐ அடுத்த கறுப்பு) தானாக வந்து நிற்கும். எஃப்-இலிருந்து எண்ணினால் பி ஃபிளாட் (பி-க்கு முந்தைய கறுப்பு) வரும். சி மேஜர் வலது கைக்கு 1 2 3 1 2 3 4 5. இடது கைக்கு ஏறும்போது 5 4 3 2 1 3 2 1. வலது கையில் ஈ-க்குப் பிறகு கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைந்து எஃப்-க்குப் போக வேண்டும். கடைசி நொடியில் நுழைந்தால் முழங்கை வெளியே துள்ளும், எஃப் மட்டும் ஓங்கி ஒலிக்கும். இரண்டாம் விரல் டி-யை வாசித்த கணத்திலேயே கட்டைவிரல் உள்ளே நகரத் தொடங்கட்டும்.

இரு கைகளையும் சேர்க்கும்போது ஒரே திசையில் ஏறாதீர்கள். இரண்டு கட்டைவிரலையும் மிடில் சி-யில் வைத்து எதிர்த்திசையில் விரியுங்கள். இரண்டு கைக்கும் 1 2 3 1 2 3 4 5, ஒரே நேரத்தில் ஒரே விரல். ஒரே திசையில் ஏறும்போது விரல்கள் மாறி மாறி வருவதால்தான் குழப்பம். இன்னொரு விஷயம்: சி மேஜர் கண்ணுக்குத்தான் எளிது. நீண்ட விரல்கள் கறுப்பிலும் குட்டைக் கட்டைவிரல் வெள்ளையிலும் விழும் பி மேஜர் கைக்கு இன்னும் வசதி. பியானோ இசையமைப்பாளர் ஷோபான் தன் மாணவர்களை அதிலிருந்துதான் தொடங்கவைத்தார்.

கார்ட் என்பது ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது. மூலத்திலிருந்து 4 கட்டை, பிறகு 3 எண்ணினால் மேஜர். 3, பிறகு 4 என்றால் மைனர். சி ஈ ஜி மேஜர், ஏ சி ஈ மைனர். எல்லா கார்டையும் மூலத்திலிருந்தே பிடித்துக் கையைத் தூக்கித் தூக்கி வைப்பது பெரும் வீண்வேலை. இடது கையை சி ஈ ஜி-யில் 5 3 1 விரல்களால் வையுங்கள். ஜி செவன் என்ற கார்ட் வேண்டுமா? கட்டைவிரல் ஜி-யிலேயே இருக்கட்டும், இரண்டாம் விரல் எஃப்-ஐ அழுத்தட்டும், சுண்டுவிரல் ஒரு கட்டை கீழே பி-க்கு நகரட்டும். எஃப் மேஜர் வேண்டுமா? சுண்டுவிரல் சி-யிலேயே, இரண்டாம் விரல் எஃப், கட்டைவிரல் ஏ. இந்த மூன்று கார்டை வைத்தே ஏராளமான எளிய பாட்டுகளுக்குக் கூட வாசிக்கலாம். மேலே தந்த நான்கு கட்டங்களில் இடது சி இருக்கும் இடத்தில் சி கார்டும், ஜி இருக்கும் இடத்தில் ஜி செவனும் போட்டுப் பாருங்கள்.

வலது பெடலை மூன்று மாதம் தொடாதீர்கள். விரல் இழைக்க வேண்டியதைப் பெடல் இழைத்துவிட்டால் விரல் கற்காது. பிறகு தொடங்கும்போது முறை இது: குதிகால் தரையை விட்டு எழக்கூடாது. கார்டை வாசிக்கும் அதே கணத்தில் கால் மேலே, வாசித்த உடனே கால் கீழே. கைக்கு எதிர்மாறு என்பதால் முதலில் விநோதமாக இருக்கும். "ஒண்ணு" சொல்லும்போது கார்ட், கால் மேலே. "ரெண்டு" கால் கீழே. "மூணு, நாலு" கையைச் சாவகாசமாக அடுத்த கார்டுக்கு எடுத்துப் போகலாம், ஒலியைப் பெடல் பிடித்துக்கொள்ளும். பழைய கார்டும் புதிய கார்டும் கலந்து கசகசவென்று கேட்டால் காலைத் தாமதமாக எடுக்கிறீர்கள். நடுவில் இடைவெளி விழுந்தால் சீக்கிரம் எடுக்கிறீர்கள்.

பயிற்சி

தினம் 25 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவது அதற்கு ஈடாகாது. ஐந்து நிமிடம் ஸ்கேல், பத்துப் பன்னிரண்டு நிமிடம் புதிய பாடத்தின் இரண்டே கட்டம், ஐந்து நிமிடம் இதுவரை பார்க்காத எளிய வரியைப் படித்து வாசிப்பது, மீதி பழைய பாடம். எப்போதும் முதல் வரியிலிருந்தே தொடங்காதீர்கள். அப்படிச் செய்தால் முதல் பக்கம் மெருகேறும், கடைசிப் பக்கம் என்றும் புதிதாகவே இருக்கும். சில நாள் கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கிக் கற்றுப் பாருங்கள். வேகத்தை நிமிடத்துக்கு 4 தட்டுக்கு மேல் ஒரே தாவலில் ஏற்றாதீர்கள். தவறு வந்ததும் நின்று, அந்த ஸ்வரத்தை மட்டும் திருத்தி, அப்படியே தொடர்வது பழக்கமாகிவிட்டால் அந்தத் திக்கலும் பாட்டின் பகுதியாகிவிடும். பயிற்சியில் நின்றால் இரண்டு ஸ்வரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். வாசித்துக் காட்டும்போது தவறினால் நிற்காமல் போய்விடுங்கள். இவை இரண்டும் தனித்தனிப் பழக்கங்கள், இரண்டையும் தனித்தனியே பழக வேண்டும்.

விரலில் களைப்பு வரலாம். கூர்மையான வலி, மரத்துப்போதல், சுரீரென்று இழுத்தல் இவை வந்தால் அன்று நிறுத்துங்கள். தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

ஆசிரியர் இல்லாமல் கற்பவர்கள் வாரம் ஒருமுறை கைப்பேசியைக் கட்டையின் மட்டத்தில், பக்கவாட்டில் வைத்துப் படமெடுங்கள். மேலிருந்து எடுத்தால் மணிக்கட்டு தெரியாது. ஏறிய தோள், தாழ்ந்த மணிக்கட்டு, உள்ளே மடியும் கணு, ஆகாயத்தில் விறைத்து நிற்கும் சுண்டுவிரல், இந்த நான்கையும் தேடுங்கள். சுண்டுவிரல் விறைத்து நிற்பதை வாசிப்பவரால் பெரும்பாலும் உணரவே முடியாது; படத்தில்தான் தெரியும். இரண்டு வாரம் முயன்றும் இவற்றில் ஏதாவது ஒன்று போகவில்லை என்றால் ஒரு ஆசிரியரிடம் ஒரு மணி நேரம் மட்டும் கேட்டு, பாட்டு எதுவும் வேண்டாம், இந்த நான்கை மட்டும் பார்த்துத் திருத்துங்கள் என்று சொல்லுங்கள்.